சாப்ட்வேர் கேட்பதற்கு முன்னால், கரையில் ஒரு காலை

காட்சி: விடியற்காலை, ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்க் கரை. படகிலிருந்து இறால் கூடைகள் இறங்குகின்றன.

வணக்கம். இறால், நண்டு, கணவாய் எடுக்கும் ஒரு வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு விசைப்படகுகள் அவரிடம் சரக்குப் போடுகின்றன. படகுக்காரர்களுக்கு அவர் முன்கூட்டியே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சரக்குக்குத் தர வேண்டிய பணத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறார். அவர் சாப்ட்வேர் செய்யும் ஒரு தம்பியைக் கூப்பிட்டு, "மாசக் கடைசியில கணக்கு உதைக்குது தம்பி, ஒரு பில்லிங் சாப்ட்வேர் செஞ்சு குடுங்க" என்கிறார்.

தம்பி உடனே விலை சொல்லலாம். சொல்லக் கூடாது என்பேன். கணக்கு எந்த இடத்தில் உதைக்கிறது என்பதையே இன்னும் யாரும் கேட்கவில்லை.

காட்சி: ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து இருவரும் பேசுகிறார்கள்.

"எதுல அண்ணே உதைக்குது?"

"அட்வான்ஸ் பாக்கியில. நான் ஒண்ணு சொல்றேன், படகுக்காரர் ஒண்ணு சொல்றார்."

"எப்படிக் கழிக்கிறீங்க?"

"பாடு, அதான் அன்னிக்குக் கிடைச்ச சரக்கு, நல்லா இருந்தா ரெண்டாயிரம் பிடிப்போம். டீசல் காசுக்கே வரலைன்னா விட்டுருவோம்."

"அதை எங்க எழுதுறீங்க?"

"கரையில நிக்கிற பையன் துண்டுச் சீட்டுல எழுதுவான். ராத்திரி நான் நோட்டுல ஏத்துவேன்."

"படகுக்காரர் கையில என்ன இருக்கு?"

அண்ணன் யோசிக்கிறார். ஒன்றும் இல்லை.

இதுதான் இடம். பில் தப்பாகப் போடப்படவில்லை. அன்றைக்கு எவ்வளவு கழிந்தது என்று ஒரு பக்கத்துக்கு மட்டுமே தெரிகிறது.

டொயோட்டா கார் கம்பெனியில் உற்பத்தியைக் கவனித்த தாயிச்சி ஓனோ, ஒரு கோளாறு வந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கப் பழக்கினார். அவர் சொன்ன உதாரணத்தில், ஃபியூஸ் போய் இயந்திரம் நிற்கிறது. கேட்டுக்கொண்டே போனால், எண்ணெய்ப் பம்பில் வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போயிருப்பது தெரிகிறது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும்.

சரி, கேட்காமலே சாப்ட்வேர் செய்திருந்தால்? மாதத் தவணை என்று ஒரு கட்டம் வைத்திருப்பார்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்கே போகாது. அந்த இரண்டு மாதமும் எல்லாப் படகுக்காரர்களையும் தவணை தவறியவர்கள் என்று திரை சிவப்பில் காட்டும். கடன் வாங்கி வலை பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் அந்தக் கணக்கை எப்படிக் காட்டுவது? பாடு இல்லாத நாளிலும் தானாகப் பணம் பிடித்தால், அவர் மறுநாள் வேறு வியாபாரியிடம் போவார். நோட்டில் எழுதப்படாத அந்த விட்டுக்கொடுத்தல்தான் இந்தத் தொழிலையே ஓட்டுகிறது.

காட்சி: கார்பன் வைத்த சீட்டுப் புத்தகம். ஒரு தாள் கிழிந்து படகுக்காரர் கைக்குப் போகிறது.

அதனால் முதலில் ஒரு கார்பன் சீட்டுப் புத்தகம் வாங்குங்கள். எடை, விலை, இன்று கழித்தது, மீதிப் பாக்கி, இவ்வளவு போதும். கழிக்காத நாளில் 'இன்று இல்லை' என்று எழுதுங்கள். எழுதியதைப் படகுக்காரரிடம் வாசித்துக் காட்டி, ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் இப்படியே ஓட்டுங்கள்.

சாப்ட்வேர் தம்பி அந்த மாதத்தில் நாலைந்து நாளாவது கரையில் நிற்க வேண்டும். ஈரக் கையோடு பையன் போனில் தட்ட முடியுமா என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும்.

மாதக் கடைசியில் பாக்கிச் சண்டை நின்றுவிட்டால், அந்தச் சீட்டையே வாட்ஸ்அப்பில் அனுப்பும் சின்ன வேலை ஒன்று போதும். சண்டை நிற்கவில்லை என்றால், அடுத்து தராசைப் பார்ப்போம்.