பெரட்டுக்கு வராத அலைகள்

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராக் கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தால் பினாங்கிலும் கெடாவிலும் கரையேறிய பேரலையை நாம் மறக்கவில்லை. அதே நிலநடுக்கத்தின் அதிர்வலைகள் பூமிக்குள் இறங்கி, ஏறத்தாழ 20 நிமிடங்களில் மறுபக்கத்தை எட்டியதை நம்மில் பலர் அறியோம். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், சுமார் 12 கிலோமீட்டர்தான். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே உள்ளே போய்வருவது அதிர்வு மட்டுமே.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஓல்டாம், 1897இல் அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்து, முந்தி வரும் முதன்மை அலையையும் பிந்தி வரும் இரண்டாம் நிலை அலையையும் பிரித்துக் காட்டினார். முதலது நெருக்கியும் விரித்தும் செல்வதால் எதனூடேயும் போகும். இரண்டாவது பக்கவாட்டில் குலுக்கிச் செல்வது. அதற்குத் திடப்பொருள் வேண்டும். ரப்பர் பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வாளியிலுள்ள பாலை ஒதுக்கினால் அது ஒதுங்கியே போகும், ஆசிட் விட்டு உறைந்த கட்டியைத் தள்ளினாலோ திரும்பி வந்து நிற்கும். அந்தத் திரும்பும் குணம் இல்லாத இடத்தில் இரண்டாம் அலை செத்துவிடுகிறது.

1909இல் குரோவாசியாவில் மொகொரோவிசிச் என்ற ஆய்வாளர், அருகில் நடந்த நிலநடுக்கத்தின் அலைகள் ஓர் ஆழத்துக்குக் கீழே திடீரென வேகமெடுப்பதைக் கண்டு மேலோட்டின் அடி எல்லையைக் குறித்தார். இது எளிய பகுதி. என் மனத்தைக் கவர்வது வராத அலைகளின் கதைதான். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வராதவர் யார் என்பதும் கணக்கெழுதும் கிராணிக்கு ஒரு செய்தி அல்லவா? நிலநடுக்கம் நேர்ந்த இடத்திலிருந்து, பூமியின் மையத்தில் அளக்கும் கோணமாக, சுமார் 104 பாகைக்கு அப்பால் இரண்டாம் அலை நேராக வருவதே இல்லை; முதன்மை அலையும் 104 முதல் 140 பாகை வரை ஏறக்குறைய மறைந்து, பிறகு தாமதமாகத் தலைகாட்டுகிறது. உள்ளே ஏதோ ஒன்று அலைகளைத் தடுத்தும் வளைத்தும் நிழல் விழச் செய்கிறது என்பதே இதன் பொருள். ஓல்டாம் 1906இல் பூமியின் நடுவே கருவம் என்றொரு தனிப் பகுதி உண்டென்றார். குட்டன்பர்க் என்ற ஆய்வாளர் அதன் விளிம்பை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்தார். அது திரவம் என்று 1926இல் ஜெஃப்ரிஸ் என்ற ஆய்வாளர் நிறுவினார்.

ஆனால் 1929இல் நியூசிலாந்தில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போது, அந்த நிழலுக்குள்ளேயே மெல்லிய முதன்மை அலைகள் பதிவாகியிருந்தன. டென்மார்க்கின் ஆய்வாளர் இங்கெ லேமன் அவற்றைப் பிழையென ஒதுக்கவில்லை. திரவத்துக்குள்ளே இன்னொரு கருவத்தில் பட்டுத் திரும்பிய அலைகள் என்று 1936இல் எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பு ஓர் எழுத்தும் ஒரு சிறு கோடும் மட்டுமே!

அந்த உட்கருவம் திடமானதா என்பதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1964இல் அலாஸ்காவில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் பூமி முழுவதும், அடித்து ஓய்ந்த கோயில் மணிபோல் நெடுநேரம் ரீங்கரித்தது. அந்த ஒலியின் தாளத்தை அளந்தே உட்கருவத்தின் திடத்தன்மையை உறுதி செய்தார்கள்.