மூன்று குரல், ஒரு ரயில், யாரை நம்புவது?

வணக்கம் மக்களே. பின்னால் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், இந்த நேரத்தை விட்டால் வீட்டில் எனக்குப் பேச இடம் கிடைக்காது. இன்றைக்குப் பாலா ஹாக்கின்ஸ் எழுதிய ‘தி கேர்ள் ஆன் த ட்ரெய்ன்’. 2015-இல் வந்த நாவல், படமும் வந்துவிட்டது, இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். நான் பேசப்போவது அதன் ஆடியோ புக் பற்றி. ஏற்கெனவே படித்தவர்களையும் இதைக் கேட்கச் சொல்வேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரேச்சல் விவாகரத்து ஆனவள், குடி முற்றிப்போய் வேலையையும் இழந்தவள். வேலை போன விஷயம் தான் தங்கியிருக்கும் வீட்டுத் தோழிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே காலை 8.04 ரயிலைப் பிடித்து லண்டன் யூஸ்டன் வரை போய்விட்டு சாயங்காலம் திரும்பி வருகிறாள். வழியில் ஒரு சிக்னலில் ரயில் நிற்கும்போது தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் ஒரு ஜோடியைப் பார்ப்பாள். அவர்களுக்கு ஜெஸ், ஜேசன் என்று தானாகவே பெயர் வைத்து, என்ன சந்தோஷமான வாழ்க்கை என்று மனதுக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு குடித்தனம் நடத்திக் கொடுக்கிறாள். சில வீடுகள் தள்ளி அவளுடைய பழைய வீடு, அதில் முன்னாள் கணவன் டாம், புது மனைவி ஆனா, கைக்குழந்தை. ஒரு நாள் அந்த ஜெஸ் காணாமல் போகிறாள், நிஜப் பெயர் மேகன். அந்த ராத்திரி ரேச்சலும் அந்தப் பக்கம் போயிருக்கிறாள், தலையில் காயத்தோடு எழுந்திருக்கிறாள், என்ன நடந்தது என்று மட்டும் நினைவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு மயங்கி விழுவது வேறு, பிளாக்அவுட் வேறு. பிளாக்அவுட்டில் ஆள் நடப்பார், பேசுவார், சண்டையும் போடுவார்; ஆனால் மூளையில் நினைவுகளைப் பதிவு செய்யும் பகுதியான ஹிப்போகாம்பஸ் அந்த நேரத்தில் நடப்பதைச் சரியாகப் பதிவு செய்யாது. பதிவே ஆகாததை மறுநாள் உட்கார்ந்து யோசித்து எங்கிருந்து எடுப்பது? “நேற்று நீ என்ன பண்ணினாய் தெரியுமா” என்று யாராவது சொன்னால் அதை நம்புவதைத் தவிர ரேச்சலுக்கு வேறு வழியில்லை. மொத்த நாவலும் இதன் மேல்தான் நிற்கிறது. காதில் கேட்கும்போது நம்முடைய நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான், சொல்கிறவள் சொல்வதுதான் நமக்கு ஆதாரம்.

கதையை மூன்று பெண்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள், அதனால் வாசித்தவர்களும் மூன்று பேர். ரேச்சலாக கிளேர் கார்பெட், மேகனாக லூயிஸ் பிரேலி (ஷெர்லாக் சீரியலில் பிணவறையில் வேலை பார்க்கும் மாலி, அவரேதான்), ஆனாவாக இந்தியா ஃபிஷர், பிரிட்டிஷ் மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியின் பின்னணிக் குரல். 2016-இல் ஒலிப்புத்தகங்களுக்கென்றே தரப்படும் ஆடி (Audie) விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிப்புத்தகம் இதுதான். கார்பெட் குடிகாரியாக நடிக்கும்போது நாக்குக் குழறும் டிராமாவெல்லாம் அதிகம் போடாமல், மறுநாள் காலையில் வரும் வெட்கத்தைக் குரலில் கொண்டுவருகிறார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் நான் இந்த வீடியோ போடக் காரணம் வேறு. ஒவ்வொருவரும் தன் அத்தியாயத்தில் வரும் ஆண்களின் வசனத்தையும் தானே பேசுகிறார். அதனால் ஒரே டாம், ரேச்சல் பகுதியில் ஒரு மாதிரி, ஆனா பகுதியில் வேறு மாதிரி. மேகனின் புருஷன் ஸ்காட்டும் அப்படித்தான். புத்தகத்தில் படிக்கும்போது டாம் என்ற பெயர் எங்கே வந்தாலும் ஒரே ஆள்தான். இங்கே அந்த ஆளை அவள் எப்படிக் கேட்டாளோ அப்படித்தான் நமக்கும் கேட்கிறது, அன்பாகவா மிரட்டலாகவா என்பது எந்தப் பெண் சொல்கிறாள் என்பதைப் பொறுத்தது. இதற்கு மேல் பேசினால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அத்தியாயங்கள் டைரி மாதிரி, தேதியோடு ஆரம்பிக்கும். ரேச்சல் 2013 ஜூலையில் தொடங்குகிறாள், மேகன் 2012 மே மாதத்தில். அந்தத் தேதியை விட்டுவிட்டால் காணாமல் போனவள் எப்படி இப்போது பேசுகிறாள் என்று குழம்பிவிடுவீர்கள், புத்தகத்தில் புரட்டுவதுபோல் இங்கே பின்னால் போய்த் தேடுவது எரிச்சல். அதனால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கலாம், தண்ணீரை மட்டும் நிறுத்திவிட்டு தேதியைக் கேளுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள். படுக்கையில் ஸ்லீப் டைமர் போட்டுக் கேட்பது இந்தக் கதைக்கு வேலைக்கு ஆகாது, தூக்கத்தில் பாதி போய்விடும்.

குறை இல்லாமல் இல்லை. மொத்தம் 11 மணி நேரம். நடுவில் ரேச்சல் குடிக்க மாட்டேன் என்பதும் குடிப்பதும் திரும்பத் திரும்ப வரும்போது, ஐயோ தாயே போதும் என்று இருக்கும். புத்தகமாக இருந்தால் கண் தாவிப் போயிருக்கும். கேட்கும்போது அவளோடு உட்கார்ந்தே ஆக வேண்டும்.

படம்? எமிலி பிளண்ட் நடித்த 2016 படம் கதையை நியூயார்க் பக்கம் கொண்டுபோய்விட்டது. 2021-இல் பரிணீதி சோப்ரா நடித்த இந்திப் படம் முடிவையே மாற்றியது. இரண்டையும் அப்புறம் பாருங்கள், முதலில் கேளுங்கள். கேட்டு முடித்தவர்கள் கீழே எழுதுங்கள், எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று. ஆனால் யார் செய்தது என்று மட்டும் எழுதித் தொலைக்காதீர்கள், மற்றவர்களும் படிப்பார்கள்.