சலுகையில் வருவது மிச்சமே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமாருக்கும் வணக்கம். "குடும்பப் பலசரக்கில் கடைச் சலுகைகள் தருவது மிச்சமா, வீண் செலவா?" என்பது தலைப்பு. நான் மிச்சமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் நாலு குற்றச்சாட்டு வைத்தார். சலுகை என்று போர்டு பார்த்தால் தேவையில்லாததையும் வாங்கிவிடுகிறோம், கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிட்டுத்தான் குறைக்கிறார்கள், கடை கடையாக ஏறி இறங்குகிற பஸ் காசிலேயே மிச்சம் கரைந்துவிடுகிறது, நம் ஊர்ச் சின்னக் கடைகள் படுத்துவிடுகின்றன. நல்ல கைதட்டும் வாங்கினார். ஆனால் அண்ணே, முதல் குற்றச்சாட்டில் நீங்கள் சொன்ன ஆள் பட்டியல் எழுதாமல் கடைக்குப் போகிற ஆள். அந்த ஆள் சலுகையே இல்லாத கடைக்குள் போனாலும் கூடை நிறைய வாங்கித்தான் வருவார். அதற்குச் சலுகையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடுகளுக்குக் காசு எப்படி வருகிறது என்பதில் இருந்து தொடங்கலாம். ஒன்றாம் தேதி வங்கியில் சம்பளம் விழுகிற வீடுகள் இருக்கின்றன, சரி. ஆனால் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு மழை பெய்தால் வேலை போச்சு, நமக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு வடகிழக்கும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. முந்திரி ஆலைக்குப் போகிற அக்காவுக்கு ஆலை ஓடினால்தான் கூலி. இப்படி ஒரு மாதம் கொஞ்சம் தாராளமாகவும் அடுத்த மாதம் கையைப் பிசைகிற மாதிரியும் வருகிற காசில், சோப்பு, பேஸ்ட், எண்ணெய், துணி துவைக்கிற பவுடர் எல்லாம் மாதம் தவறாமல் ஒரே அளவில்தான் செலவாகிக்கொண்டிருக்கும். காசு கையில் இருக்கிற மாதத்தில், விலை இறங்கியிருக்கிற நேரத்தில், கெட்டுப் போகாத பொருளாகப் பார்த்து வாங்கி வைப்பவரை ஆசைப்பட்டு வாங்குகிறார் என்று எப்படிச் சொல்ல முடியும்? வருமானம் இல்லாத மாதத்துக்கு அவர் முன்கூட்டியே பணம் கட்டி வைக்கிறார்.

இது புதுப் பழக்கமும் இல்லை. நம் பாட்டிமார் மாசி பங்குனியில் புளி மலிவாக இருக்கும்போது ஒரு வருடத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தார்கள். கோடையில் கருப்பட்டி வாங்கி வைத்தார்கள், மீன் மலிந்த நேரத்தில் கருவாடு போட்டார்கள். அறுவடை முடிந்த கையோடு நெல் வாங்கிப் பத்தாயத்தில் கொட்டினார்கள். அவர்களை யாராவது வீண் செலவுக்காரி என்று சொன்னார்களா? அவர்கள் பேத்தி இன்றைக்கு ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கடையில் போடுகிற விலைக்குறைப்பைப் பார்த்து வாங்கினால் மட்டும் ஏமாளி ஆகிவிடுவாரா?

அப்புறம், எதை வாங்கி வைக்கக் கூடாது என்றும் நம் பெண்களுக்குத் தெரியும். இந்த ஊர் ஈரத்துக்கு ரவையும் கடலை மாவும் சீக்கிரம் வண்டு பிடித்துவிடும். ரவை ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றாலும் மழைக்காலத்தில் தொடமாட்டேன் என்று சொல்கிற அக்காமார் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். இதெல்லாம் அறிவு ஐயா. வருடக்கணக்காகச் சமையலறையில் நின்று சேர்த்த அறிவு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் பாதி விலை. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம் குறைவு. "20 சதவீதம் கூடுதல்" என்று பாக்கெட்டில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது 20 சதவீத விலைக்குறைப்பு ஆகாது. 100 கிராம் விலைக்கு 120 கிராம் தருகிறார்கள், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 16.7 சதவீதம்தான் குறைகிறது. அதுவும் நல்லதுதான், ஆனால் பக்கத்துத் தட்டிலேயே 20 சதவீதம் தள்ளுபடி என்று அதே கிராம் விலையுள்ள வேறு பேஸ்ட் இருந்தால் அதுதான் லாபம். சரி, ஒவ்வொன்றுக்கும் கடையில் நின்று கணக்குப் போட முடியுமா என்று கேட்பீர்கள். போட வேண்டியதே இல்லை. பொட்டலப் பொருளில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அலகு விலை போட்டிருக்கும், ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேல் உள்ளதில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்றும். சின்னப் பாக்கெட்டில் கிராமுக்கு 52 காசு என்று இருந்தால் கிலோவுக்கு 520 ரூபாய். பெரிய பாக்கெட்டில் கிலோ 480 என்று இருந்தால் முடிவு உங்கள் கையில். அது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, கடை எவ்வளவு குறைக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் போதும்.

நம் ஊர்ச் சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் இல்லாமல் ஆகாது. 2025ல் அது 400 ரூபாயைத் தாண்டிப் போனபோது எத்தனை வீட்டில் பப்படம் பொரிப்பதையே குறைத்தார்கள்! அந்த எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லில் கிலோ 450 ரூபாய், சூப்பர் மார்க்கெட்டில் ஒரு லிட்டர் பாக்கெட் சலுகையில் 430 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 ரூபாய் மிச்சம் என்று பாக்கெட்டை எடுக்கத் தோன்றும். ஆனால் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். அந்த 430 ரூபாயைக் கிலோவுக்கு மாற்றினால் 472 ரூபாய் வருகிறது. அப்போது மில் எண்ணெய்தான் மலிவு. அதே பாக்கெட் 400 ரூபாய்க்கு வந்தால் கிலோ 440 ஆகிறது, அன்றைக்குப் பாக்கெட் மலிவு. ஒரே பொருள், ஒரே கடை, விலையைப் பொறுத்து முடிவு மாறுகிறது. சலுகையே கூடாது என்று சொல்கிற எதிரணிக்கு அந்த இரண்டாவது நாளின் மிச்சம் கிடைக்காது. கண்ணை மூடி வாங்குகிறவருக்கு முதல் நாளில் நஷ்டம். இரண்டையும் கவனிக்கிறவருக்காகத்தான் நான் பேசுகிறேன்.

விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கிறார்கள் என்ற இரண்டாவது குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கடையே பருப்பை வாங்கித் தன் பெயரில் பாக்கெட் போட்டு விற்கும்போது எம்ஆர்பியையும் கடையே அச்சடிக்கிறது, அதில் 50 சதவீதம் தள்ளுபடி என்றால் அந்த 50க்கு ஒரு அர்த்தமும் இல்லை. அந்த இடத்தில் எம்ஆர்பியைப் பார்க்கவே கூடாது. கோட்டாறிலோ திங்கள்சந்தையிலோ சில்லறையில் உளுந்து கிலோ என்ன விலை போகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிட வேண்டும். ஆனால் எல்லாக் கடையிலும் ஒரே எம்ஆர்பி அச்சடித்து வருகிற பேஸ்ட், சோப்பு, டீத்தூளில் இந்த வேலை சுலபமாக நடக்காது. எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்ச வரம்பு, அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம், கடைக்குக் கடை வித்தியாசம் வருவது அதனால்தான். விலை தெரிந்தவரை ஏமாற்றுவதும் கடினம். 2025 செப்டம்பர் 22ல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, பழைய விலையை மனதில் வைத்திருந்தவர்தானே கடையில் நின்று "ஏன் இன்னும் அதே விலை?" என்று கேட்க முடிந்தது? அப்படி விலையை மனதில் வைத்திருப்பவர்கள் யார்? சலுகை பார்த்து வாங்குகிறவர்கள்தான்.

ஆன்லைனிலும் மோசடி இருக்கிறது. "இன்னும் 2 நிமிடம்தான்" என்று அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசியில் கட்டணத்தைக் கூட்டுவது. 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி 13 வகை ஏமாற்று வேலைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் தள்ளுபடி தருவது குற்றம் என்று இல்லை. ஏமாற்றினால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். சலுகையையும் மோசடியையும் சட்டம் பிரித்துப் பார்க்கும்போது எதிரணி மட்டும் ஏன் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது?

பஸ் காசு பற்றிச் சொன்னார். அண்ணே, 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கருங்கலில் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்கும் அக்கா அந்த பஸ்ஸுக்காகக் கொஞ்சம் காத்து நிற்கிறார், அவ்வளவுதான். அவரும் எல்லாக் கடையும் ஏறி இறங்குவதில்லை. கடைகளே வாரா வாரம் வாட்ஸ்அப்பில் விலைப் படம் அனுப்புகின்றன, வீட்டில் இருந்தே பார்த்து, எங்கே போக வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டு, சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அதையும் சேர்த்து முடித்துவிடுகிறார்.

சின்னக் கடைகள் பற்றிச் சொன்னபோதுதான் எனக்கு நிஜமாகவே மனது கஷ்டமாக இருந்தது. ஊர்க்கடை அண்ணாச்சி வேண்டும். மழையில் வேலை இல்லாத வாரம் பற்று எழுதிக்கொண்டு அரிசி தருகிறவர் அவர்தான், எந்த சூப்பர் மார்க்கெட்டும் அதைச் செய்யாது. ஆனால் அவரைக் காப்பாற்றச் சலுகையை வெறுக்க வேண்டியதில்லை. கம்பெனி ஏஜென்சிக்காரர்கள் அவருக்கும் ஸ்கீம் கொடுக்கிறார்கள், இத்தனை பெட்டி எடுத்தால் இத்தனை கூடுதல் என்று. "அண்ணாச்சி, டீத்தூளுக்கு ஸ்கீம் ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டால் போதும், எத்தனையோ பேர் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் குறைத்துத் தருகிறார்கள். கேட்காதவருக்கு எம்ஆர்பிதான். பருப்பும் மிளகாய்வத்தலும் வாரத்துக்கு வேண்டியதை அண்ணாச்சியிடம் வாங்குங்கள், சோப்பையும் பவுடரையும் சலுகை வரும் இடத்தில் வாங்குங்கள். குருமாவுக்கு அரைக்க முழு முந்திரி எதற்கு? உடைந்த பருப்பு விலை குறைவு, அது நம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் முந்தின சலுகையை மறந்துவிடக் கூடாது. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2007ல் தொடங்கிய சிறப்புத் திட்டம் இது. தீயல் குழம்புக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள், வடை சுட பாமாயில் போதும். அந்த வரிசையில் நிற்கிறவரை வீண் செலவுக்காரர் என்று எதிரணியால் சொல்ல முடியுமா?

கூப்பன் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். பில்லின் அடியில் "அடுத்த முறை 1500 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் கழிவு" என்று அச்சடித்து வரும். ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் மாதச் சாமான் எப்படியும் 1500 வரும் என்றால் அது உங்கள் பணம், எடுத்துக்கொள்ளுங்கள். 1100தான் வரும் என்றால் 400 ரூபாய்க்கு வேண்டாததை எடுத்து 100 ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள், இந்த மாதச் சாமானை அக்கா தங்கச்சி இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பில்லாகப் போடுங்கள். போன் நம்பருக்கு ஏறுகிற புள்ளிகளையும் வருடம் முடியும் முன் கேட்டு வாங்குங்கள், பல கடைகளில் காலாவதி ஆகிவிடும். கூப்பனில் கடைசித் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டு ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தால் மறக்காது.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அக்காவிடம் ஒரு கேள்வி. ஜூன் மாதம், விசைப்படகு கரையில் நிற்கிறது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, வேன் கட்டணம் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். மே மாதச் சலுகையில் வாங்கி வைத்த சோப்பும் பவுடரும் பேஸ்ட்டும் வீட்டில் இருப்பதால் அந்த மாதம் கடைக்குப் போக வேண்டிய காசை எடுத்து வேன் கட்டணத்தைக் கட்டுகிறாள் முட்டத்துக்காரி ஒருத்தி. அவள் வாங்கி வைத்ததில் வீண் செலவு எது என்று அக்கா எழுந்து வந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.