இன்னொரு கதவையும் திறங்கள்!

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், தருமபுரி மக்களுக்கும் வணக்கம். மாணவர்கள் பக்கத்துத் தெருக்களில் பைக்கை நிறுத்துவதால் கல்லூரியைச் சுற்றி நடக்கும் வண்டித் தகராறுக்குக் காரணம் கல்லூரி நிர்வாகமா, தெருக்காரர்களா? நிர்வாகமே என்பது என் கட்சி.

"உள்ளே இடமில்லை, நிர்வாகம் என்ன செய்யும்?" என்றார் எதிரணித் தலைவர். கணக்குப் போடுவோம். தமிழ்நாடு கட்டட விதிகள் 2019-இன்படி ஒரு பைக்குக்கு 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம். எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் 8 அடி வழி. வழியையும் சேர்த்தால் வண்டிக்கு 3 சதுர மீட்டர்; 500 வண்டிக்கு 1,500. நம்ம ஊர்க் கணக்கில் 37 சென்ட், அரை ஏக்கர்கூட இல்லை.

பிறகு ஏன் தெருவில் நிற்கிறது? கேட்டைப் பாருங்கள். இரண்டு கதவில் ஒன்றுதான் திறந்திருக்கும். காவலாளி ஒவ்வொருவரையும் நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார். ஆளுக்குப் பத்து விநாடி என்றாலும் இருபது நிமிடத்தில் 120 வண்டிதான் நுழையும். மிச்சம் 380? ஒன்பதரைக்கு வருகைப்பதிவு! பையன் பக்கத்துத் தெருவில் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு ஓடுகிறான். வண்டி முகப்பில் ஸ்டிக்கர் ஒட்டி, சோதனையை ஸ்டாண்டுக்கு உள்ளே மாற்றினால் கேட்டில் வரிசையே நிற்காது.

அடுத்து வந்த பேச்சாளர், "தெருக்காரர்கள் வாசலில் ஆட்டுக்கல்லைப் போட்டு ரோட்டுக்கே பட்டா வாங்கிவிட்டார்கள்" என்றார். பலமாகக் கைதட்டினீர்கள். ரோட்டில் கல் போடுவது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தீர்களா? ஒரு இரும்பு மூடி. அதன் அடியில் குடிநீர்க் குழாயின் வால்வு.

ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல் மஞ்சளான மாவட்டம் இது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீரின் அருமை நமக்குத் தெரியும். இப்போது நினைத்துப் பாருங்கள். தண்ணீர் விடுகிறவர் நீளத் திருகுக் கம்பியோடு வருகிறார். மூடியைக் காணோம், மேலே பைக். "யாருப்பா வண்டி?" பதில் இல்லை. தள்ளப் பார்க்கிறார், ஹேண்டில் பூட்டியிருக்கிறது. பின்சக்கரத்தைத் தூக்கி நகர்த்தினால் பக்கத்து வண்டியின் ஹேண்டில் பிரேக் கம்பியில் மாட்டுகிறது. இழுக்கிறார். அது சாய, அடுத்தது சாய, வரிசையாக ஏழு வண்டி! வெயிலில் தார் இளகி சைடு ஸ்டாண்ட் ஏற்கனவே இறங்கியிருக்கிறது, தொட்டாலே விழும். வண்டிக்காரன் மதிய மணி அடித்த பிறகுதான் வருவான். அதற்குள் தண்ணீர் முறை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பூட்டிய வண்டி ஒன்று, காய்ந்த குடம் தெரு முழுக்க! மிக்ஸி வந்ததும் மூலைக்குப் போன ஆட்டுக்கல் அந்த மூடிக்குக் காவலாக வாசலுக்கு வந்தது. அதைப் பட்டா என்கிறீர்களா நண்பரே?

20 அடித் தெருவில் இருபுறமும் பைக்கை வீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்தினால் பக்கத்துக்கு 6 அடி போச்சு, மிச்சம் 8 அடி. 108 ஆம்புலன்ஸின் அகலமே ஏறக்குறைய ஆறரை அடி. கண்ணாடி வேறு இருக்கிறது. நுழைந்தாலும் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இறக்கி வீட்டு வாசலுக்குத் திருப்ப வேண்டாமா?

அந்தப் பையன் மேலும் எனக்குக் கோபமில்லை ஐயா. பாலக்கோட்டிலிருந்தோ அரூரிலிருந்தோ வருகிறான். அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளையாக இருக்கலாம். வண்டிக்கு அப்பா தவணை கட்டுகிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் யாரோ டயரில் காற்றைப் பிடுங்கி விட்டிருக்கிறார்கள். பஞ்சர் கடை வரை தள்ளிக்கொண்டே போகிறான். திண்ணையில் ஒரு பாட்டி, பக்கத்தில் காலையில் நிரம்பாத குடம். அவனுக்குத் தெருவே எதிரி. அவளுக்கு அவன் அடங்காத பிள்ளை. ஆனால் வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்று, "பாட்டி, கொஞ்சம் தண்ணி" என்று அவன் கேட்டால், அடிக்குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக் கொடுக்காமல் இருப்பாளா?

அந்த இரண்டு பேரையும் மனதில் வைத்து, மூடிக் கிடக்கும் இன்னொரு கதவையும் நாளைக் காலை ஒன்பது மணிக்குத் திறக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதுங்கள் நடுவர் ஐயா. வணக்கம்.