மழைக்காகக் கட்டிய மரக்கோயில்: கிஜித் தீவின் இருபத்திரண்டு குவிமாடங்கள்

அவைத் தலைவருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் கரேலியா. அங்கே ஒனேகா ஏரி. ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய ஏரி லடோகா ஒன்றுதான். அந்த ஒனேகாவுக்குள் ஆறு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு தீவு கிடக்கிறது, பெயர் கிஜி. 1714இல் அந்தத் தீவில் எழுந்த மறுரூபத் தேவாலயத்தைப் பற்றித்தான், அதாவது இயேசு ஒளியுருவாக மாறித் தோன்றிய நிகழ்வின் பெயர் தாங்கிய கோயிலைப் பற்றித்தான், இன்று பேசப்போகிறேன். உயரம் 37 மீட்டர். தலைக்கு மேல் 22 குவிமாடங்கள். எல்லாம் மரம்.

இந்தக் கோயிலைப் பற்றி இரண்டு செய்திகள் எங்கும் உலவுகின்றன. ஒன்று, இதில் ஓர் ஆணிகூடக் கிடையாது என்பது. இன்னொன்று, நெஸ்டர் என்ற தச்சர் இதை முடித்துவிட்டு, "இதுபோல் ஒன்று இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை" என்று சொல்லித் தன் கோடரியை ஏரியில் வீசிவிட்டார் என்பது. முதலாவது பாதி உண்மை. சுவர்களில் ஆணி இல்லை; உருண்டையான பைன் மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடத்தி, மூலைகளில் குடைந்து ஒன்றையொன்று கவ்வவைத்திருக்கிறார்கள். ஆனால் குவிமாடங்களைப் போர்த்தியிருக்கும் மரச்சில்லுகள் ஆணியடித்துப் பொருத்தப்பட்டவை. இரண்டாவது, நாட்டுப்புறக் கதை. அழகான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்களில் தச்சர்கள் குழுவாகச் சேர்ந்து வேலை செய்தவர்கள். இப்படிப்பட்ட கட்டடம் ஒரு மேதையின் தலையிலிருந்து திடீரென்று இறங்கியதல்ல. ஒனேகாவின் தென்பக்கம் வீத்தெக்ரா வட்டாரத்தில் 1708லேயே பல குவிமாடங்களோடு இதன் மூத்த உறவு போல ஒரு மரக்கோயில் நின்றது. அது 1963இல் எரிந்துபோயிற்று. வழிவழியாக வந்த கைப்பழக்கத்தின் உச்சிதான் கிஜி. எனக்கு அந்தப் பெயர் தெரியாத கூட்டத்தின் மேல்தான் மதிப்பு அதிகம்.

இது யாருடைய கோயில்? கிராமத்தாருடையது. சுற்றியிருந்த தீவுகளிலும் கரைகளிலும் சிதறிக்கிடந்த ஏராளமான சிற்றூர்களுக்கு வழிபாட்டு மையம் கிஜிதான். இப்படிப்பட்ட மையத்தை அங்கே பொகோஸ்ட் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை படகு கட்டி வருவார்கள். இங்கே கோயில் ஒன்றல்ல, இரண்டு. பெரிய மறுரூபத் தேவாலயத்தில் அடுப்பு இல்லை, அது கோடைக்கானது. குளிர்காலத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு வசதியுள்ள இன்னொரு ஆலயம், தேவமாதாவின் பாதுகாப்புத் திருநாள் பெயரில். அதன் இன்றைய வடிவம் 1764ஐச் சேர்ந்தது. அங்கே வழிபாட்டு அறைக்கு முன்னால் அகன்ற கூடம் ஒன்று உண்டு. ஊர்க்கூட்டம், வழக்கு, வரிப் பேச்சு எல்லாம் அங்கேதான். மணிக்கூண்டு பின்னால் வந்தது, 1862இல். 1874இல் அதைத் திருத்திக் கட்டினார்கள்.

கிஜி எழுச்சி நடந்ததும் இதே வளாகத்தில்தான். அந்த வட்டாரத்து உழவர்களை அரசாங்கம் ஆலைகளுக்கும் சலவைக்கல் சுரங்கங்களுக்கும் கட்டாய வேலைக்கு ஒப்படைத்திருந்தது. வயல் வேலை நாளில் வயலை விட்டு ஓடவேண்டும். 1769இல் மறுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடங்கவில்லை. 1771 கோடையில் இந்த வளாகத்தில் கூடியிருந்த கூட்டத்தின்மேல் படை பீரங்கியால் சுட்டது. தலைமை தாங்கியவர்களைச் சாட்டையால் அடித்துச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். இந்தக் கோயிலின் படத்தை நாட்காட்டியில் பார்த்து ரசிக்கிறவர்கள் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் ஆசை.

இனி கட்டடத்துக்குள் வருகிறேன். அடிப்படை ஓர் எண்கோணம். அதன் நான்கு திசைகளிலும் ஒவ்வோர் அறை, ஒவ்வொன்றும் இரண்டு படியாக ஏறுகிறது. கிழக்கு அறையில் பலிபீடம். நடு எண்கோணத்தின் மேல் அதைவிடச் சிறிய எண்கோணம், அதன்மேல் இன்னும் சிறியது. அவ்வளவுதான் வடிவம். இப்போது குவிமாடங்களைக் கீழிருந்து எண்ணுங்கள். பலிபீடத்தின் மேல் 1. திசை அறைகளின் முதல் படியில் 4, இரண்டாம் படியில் 4. முதல் எண்கோணத்தைச் சுற்றி 8. அடுத்ததில் 4. உச்சியில் 1. கூட்டினால் 22. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கூம்பாகக் குவிந்து ஏறுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். எல்லாக் குவிமாடமும் ஒரே அளவு இல்லை. இரண்டாம் வரிசையில் இருப்பவற்றைவிட எட்டு இருக்கும் வரிசை பருத்தது. உச்சிக் குவிமாடம் எல்லாவற்றிலும் பெரிது. கண்ணால் அளந்து வைத்த விகிதம் இது.

இதைப் பார்ப்பவர்கள் அலங்காரம் என்றுதான் நினைக்கிறார்கள். நான் இங்கே சொல்ல வந்த ஒரே விஷயம், இதில் பெரும்பகுதி மழைநீர்க் கணக்கு என்பது. மரத்துக்குப் பகை தீயும் தண்ணீரும். தீ என்றைக்கோ வரும். தண்ணீர் ஆண்டுதோறும் வரும், பனியாகவும் வரும். சுவரின் மேற்பகுதியைக் கவனியுங்கள். கூரைக்குச் சற்றுக் கீழே சுவர் வெளிப்புறமாக விரிந்து வருகிறது. மேலே போகப்போக ஒவ்வொரு மரத்தையும் முந்தையதைவிடக் கொஞ்சம் நீளமாக வைத்து இந்த விரிவை உண்டாக்குகிறார்கள். கூரை நீர் சுவரைத் தொடாமல் தள்ளி விழுவதற்காக. குவிமாடத்தின் வளைவு, அதன் கீழேயிருக்கும் பீப்பாய் வடிவக் கூரை, எல்லாமே பனி தங்காத சரிவுகள். சில்லுகளின் இடுக்கில் நீர் கசிந்தால்? கசியும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கண்ணுக்குத் தெரியாத உள்கூரை ஒன்றையும் போட்டு, கசிந்த நீர் அதில் இறங்கி, மரக்கால்வாய் வழியே சுவருக்கு வெளியே போய் விழும்படி செய்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகள் சும்மா நிற்கவில்லை!

சில்லுகளைக் கிட்டத்தில் பார்ப்போம். லேமெஹ் என்பது அவற்றின் பெயர். மறுரூபத் தேவாலயத்தில் மட்டும் ஏறக்குறைய 30,000. சுவருக்குப் பைன் என்றால், இதற்கு ஆஸ்பென் மரம். ஈரம் காயாமல் இருக்கும்போதே கோடரியால் செதுக்குவார்கள்; காய்ந்தால் கோடரிக்கு ஒத்துழைக்காது. குவிமாடத்தின் வளைவுக்கேற்ப ஒவ்வொரு சில்லும் லேசாக வளைந்திருக்கவேண்டும், நுனி படிப்படியாக வெட்டப்பட்டிருக்கவேண்டும், அந்த நுனி வழியாக நீர் சொட்டும். ரம்பத்தை ஏன் ஒதுக்கினார்கள் என்றால், ரம்பம் மரத்தின் நார்களைக் கிழித்து வாய் திறந்து வைத்துவிடும், ஈரம் உள்ளே ஏறும். நன்றாகத் தீட்டிய கோடரி நார்களை அழுத்தி மூடிவிடும். புதிய சில்லு பொன்னிறமாக இருக்கும். சில ஆண்டுகள் வெயிலும் மழையும் பட்டதும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறி, வானத்தின் நிறத்தை வாங்கிக் காட்டும். மாலையில் இளஞ்சிவப்பாகக்கூடத் தெரியும்.

உள்ளே, பலிபீடத்தை மறைத்து நிற்கும் ஐகான் சுவர். ஐகான் என்றால் பலகையில் தீட்டிய திருவுருவ ஓவியம். நான்கு வரிசைகளில் 102 ஐகான்கள். மேலே கூரையில் 'வானம்' என்று சொல்லப்படும் ஓவிய விதானம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1944 வரை தீவு பின்லாந்துப் படையின் கையில் இருந்தது. ஐகான்களை ஹெல்சிங்கிக்கு எடுத்துப்போனார்கள். போருக்குப் பின் அவை திரும்பின. விதானத்து ஓவியங்கள் அந்தக் காலத்தில் காணாமல் போயின.

19ஆம் நூற்றாண்டில் வெளிச்சுவர்களைப் பலகையால் மூடி, குவிமாடங்களுக்குத் தகரம் போட்டிருந்தார்கள். 1950களில் அலெக்சாந்தர் ஒபோலொவ்னிகோவ் என்ற கட்டடக்கலைஞர் அவற்றையெல்லாம் கழற்றிப் பழைய தோற்றத்தைத் திருப்பினார். இன்று உலகம் பார்க்கும் கிஜி அவர் மீட்டுத் தந்தது. ஆனால் அந்தப் பலகை சுவருக்குக் குடையாகவும் இருந்தது என்று பின்னாளில் வாதிட்டவர்கள் உண்டு. அழகுக்கு அவர் சரி. மரத்தின் ஆயுளுக்கு அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கட்டடம் சாய ஆரம்பித்தது. 1980களின் தொடக்கத்தில் ஐகான் சுவரைக் கழற்றிவிட்டு உள்ளே எஃகுச் சட்டம் நிறுத்தினார்கள். கதவு மூடப்பட்டது. 1990இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் உள்ளே எஃகுதான் தாங்கிக்கொண்டிருந்தது. முழுவதும் பிரித்துக் கட்டலாமா, வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் வாதம். கடைசியில் எடுத்த முடிவு துணிச்சலானது. கோயிலைக் கீழிருந்து மேலாக ஏழு கிடைமட்ட அடுக்குகளாக, அதாவது பட்டைகளாக, பிரித்துக்கொண்டார்கள். மேல்பகுதி முழுவதையும் எஃகுச் சட்டத்தில் தொங்கவிட்டு, அடிப்பட்டையை மட்டும் உருவி எடுத்தார்கள். தீவிலேயே இருந்த பட்டறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு மரத்திலும் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, அதே வகைப் பைன் துண்டைப் பொருத்தி, தரையில் ஒருமுறை அடுக்கிச் சரிபார்த்து, திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிறகு அடுத்த பட்டை. கீழே ஆள் வேலை செய்ய, தலைக்கு மேல் இருபத்திரண்டு குவிமாடங்களும் தொங்கின. மரங்களில் பாதிக்கு மேல் பழையவையே. 2020இல் கதவு திறந்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன், 2018 ஆகஸ்டில், இதே ஒனேகாக் கரையில் கொந்தபோகா என்ற ஊரில் 1774இல் கட்டிய மரக்கோயில் எரிந்து விழுந்தது. 42 மீட்டர் உயரம், கிஜியைவிட உயரம். ஒரு சிறுவன் வைத்த தீ. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

கிஜியில் இப்போது, குறித்த இடம் தவிர எங்கும் புகைபிடிக்கக் கூடாது. தீவிலேயே தீயணைப்புப் படை இருக்கிறது. பட்டறையும் மூடப்படவில்லை; இளம் தச்சர்கள் அங்கே கோடரி பிடிக்கப் பழகுகிறார்கள், மற்ற ஊர்களின் மரக்கோயில்களுக்கும் வேலை நடக்கிறது. நன்றி, வணக்கம்.