மூட்டை இறங்கிய பிறகு

விழாத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சியை விட்டுவிட்டு வந்திருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பந்தலும் நீர்மோரும் தந்த விவசாயிகள் சங்கத்தாரே, கொள்முதல் நிலையத்தில் வேலை முடித்து நேரே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சுமை தூக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். தசையின் அனிச்சைச் செயல், உழைப்பு நின்றபின் இரத்த அழுத்தம், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் உழைப்பு என்னும் மூன்று பொருள்கள் எனக்குத் தரப்பட்டுள்ளன. பதறாத காரியம் சிதறாது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

40 கிலோ நெல்மூட்டையைத் தோளில் ஏற்றியதும் இரத்த அழுத்தம் உயர்கிறது. மூளை இடும் கட்டளை ஒரு காரணம்; தசையே அனுப்பும் செய்தி மற்றொன்று. தசைக்குள் இருக்கும் நுண்ணிய நரம்பு முனைகளில் சில இழுவையையும் அழுத்தத்தையும் உணர்கின்றன, சில உழைப்பில் சேரும் லாக்டிக் அமிலம் முதலான பொருள்களை உணர்கின்றன. செய்தி தண்டுவடம் வழியாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்தை அடைந்ததும், இதயம் வேகமெடுக்கிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் சுருங்கி, நமது முறைப்பாசனம்போல இரத்தம் உழைக்கும் தசைக்குத் திருப்பிவிடப்படுகிறது. இதுவே தசையின் அனிச்சைச் செயல். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இந்த உயர்வைத் தடுக்க வேண்டியவைதாம். ஆனால் உழைப்பின்போது அவற்றின் அளவுகோலே மேலே நகர்ந்துவிடுகிறது. ஆலம், ஸ்மிர்க் என்னும் இருவர் 1937இல் வெளியிட்ட ஆய்வில், உழைத்த உறுப்பின் இரத்த ஓட்டத்தைப் பட்டையால் தடுத்துவைத்தபோது, உழைப்பு நின்ற பின்னும் அழுத்தம் முழுதும் இறங்கவில்லை; பட்டையைத் தளர்த்தியதும் இறங்கிற்று. தசைக்குள் தேங்கிய பொருள்களே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன என்பது இதன் பொருள்.

இனி நான் நேரில் கண்டது. ஒரு கொள்முதல் நிலையத்தில் கடைசி மூட்டையை லாரியில் ஏற்றிய ஒருவர், பீடி பற்றவைத்துக்கொண்டு வெயிலில் அசையாமல் நின்றார்; நின்றவர் அப்படியே சரிந்தார். வலிப்பென்று ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் சோடாவுக்கு ஓடினார். இன்னொருவர் இது முனீஸ்வரன் நடமாடும் இடமென்றார். எடை போடுபவரோ மயங்கிக் கிடந்தவரிடமே, காலையில் சாப்பிட்டாயா என்று அதட்டிக் கேட்டார். நெல் தூற்றிக்கொண்டிருந்த அம்மாள்தான் எல்லாரையும் விலக்கி, அவரை மல்லாக்கக் கிடத்தி, கால்களைச் சாக்குக் கட்டின்மேல் தூக்கி வைத்தார். கண் விழித்தவர் கேட்ட முதல் கேள்வி: “லோடு முடிஞ்சுதா?”

அந்த அம்மாள் செய்ததே சரி. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சட்டென்று நின்றால் அது நிற்கிறது, தசையின் செய்தியும் ஓய்கிறது, ஆனால் உழைத்த தசையில் விரிந்த குழாய்கள் உடனே சுருங்குவதில்லை. இரத்தம் காலில் தேங்குகிறது. ஆகவே கடைசி மூட்டைக்குப் பிறகு சில நிமிடம் மெல்ல நடங்கள். பதறாத காரியம் சிதறாது. பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் அழுத்தம் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு. தசைக்குள் சுரந்து குழாய்களை விரிக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருள் அதற்கு ஒரு காரணம்.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடமோ இந்த அனிச்சை அளவுமீறி வேலை செய்கிறது. மூச்சடக்கித் தூக்கினால் அழுத்தம் இன்னும் ஏறும். நெல்லின் ஈரப்பதத்தை அளக்கக் கருவி வைத்திருக்கும் நிலையத்தில், அதைச் சுமப்பவரின் அழுத்தத்தை அளக்கக் கருவி இல்லை. நிலையம்தோறும் ஒரு பிபி கருவி, ஒரு நிழற்கொட்டகை, படுக்க ஒரு பெஞ்சு என்று கேட்கும் மனுவைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். இதற்கு மட்டும் அதிகாரிகள் என் பழமொழியைப் பிடித்துக்கொள்ளாமல், சம்பா அறுவடைக்கு முன்பே ஆணை பிறப்பிக்க வேண்டும்.