தெர்மாகோல் அட்டை தளத்துக்கு மேலேயா, கீழேயா?

நேயர்களுக்கு வணக்கம். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் ராத்திரி பத்து மணிக்கு மேல்மாடி அறையில் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இதே கதைதான். 12 சென்டிமீட்டர் காங்கிரீட் தளம் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 280 கிலோ எடை. அத்தனை கனமும் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டியபின் அறைக்குள் விடுகிறது.

கட்டுவதற்கு முன்பே இதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அடிப்படை, 1822-இல் ஃபூரியே எழுதிய வெப்பக் கடத்தல் விதி. ஓர் அடுக்கின் தடிமனை, மீட்டர் கணக்கில், அது வெப்பம் கடத்தும் திறனால் வகுத்தால் அதன் வெப்பத் தடை கிடைக்கும். காங்கிரீட்டுக்கு 0.12-ஐ 1.5-ஆல் வகுக்க, 0.08. ஐந்து சென்டிமீட்டர் தெர்மாகோலுக்கு 0.05-ஐ 0.036-ஆல் வகுக்க, ஏறக்குறைய 1.4. சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூடத் தேறாத அட்டை, காங்கிரீட்டைப் போல 17 மடங்கு தடுக்கிறது!

சரி, அட்டையை எங்கே போடுவது? தடைகளை வெறுமனே கூட்டினால், எந்த அடுக்கு முன்னே வந்தாலும் விடை ஒன்றுதான். ஆனால் வெயில் மணிக்கு மணி மாறுகிறதே. அதனால்தான் கட்டடத்தின் வெப்பத்தைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருளில் அடுக்குகளை வெளியிலிருந்து உள்ளே வரிசைப்படி கொடுக்கிறோம். வரிசையை மாற்றினால் விடையும் மாறும். அட்டை மேலே இருந்தால் வெயில் காங்கிரீட்டை நெருங்குவதில்லை. கீழே ஒட்டினால் தளம் வெந்துகொண்டேதான் இருக்கும், விரிந்து சுருங்கி விரிசலும் விடலாம். ஃபேனை நம்பியிருக்கும் வீடுகளுக்கு மேலே போடுவதே நல்லது என்பேன். ஆனால் ஒன்று, மேலே மூடிவிட்டால் தளம் வானத்தைப் பார்த்து ஆறுவது குறையும். அதனால் இரவில் சன்னல்களைத் திறந்து வைத்தே ஆக வேண்டும். தினமும் சில மணி நேரம் மட்டும் ஏசி ஓடும் அறையென்றால் கீழே போடுவதும் பொருந்தும், அறை சீக்கிரம் குளிரும்.

அப்புறம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் காற்று. அசையாத காற்றின் கடத்தும் திறன் 0.026. முப்பது சென்டிமீட்டர் இடைவெளியை அதனால் வகுத்தால் தடை 11-க்கு மேல் வந்து நிற்கும். அதை அப்படியே உள்ளிட்டால் கணக்கு முழுவதும் பாழ். சூடான தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து கதிர்வீச்சாக வெப்பம் நேரே சீலிங்கில் இறங்குகிறது. இடைவெளி எவ்வளவு பெரிதானாலும் உண்மையான தடை 0.2 அளவுதான். வெறும் ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் ‘செலவு பண்ணியும் சூடு குறையவில்லையே’ என்று வருந்துவது இதனால்தான்.

மேலே அட்டை போடுகிறவர்கள் மேஸ்திரியிடம் முதலில் நீர்த்தடுப்புப் பூச்சையும், மழைநீர் ஓடும் வாட்டத்தையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அட்டையை வெயிலில் திறந்து விடாமல் மேலே காங்கிரீட் பூச்சும் தட்டோடும் பதிக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறிய தெர்மாகோல் இந்த 1.4-ஐத் தராது. நன்றி, வணக்கம்.